மணிக்கட்டு பெருக்கல் ஆறரை

ஜிம் உலகத்தில் ஒரு வாய்ப்பாடு ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டின் சுற்றளவை இன்ச் டேப்பால் அளந்து ஆறரையால் பெருக்கணும். வருவது உங்கள் மார்பளவு, அதாவது இருக்க வேண்டிய மார்பளவு. அதில் 70 சதவீதம் இடை, 53 சதவீதம் தொடை, 37 கழுத்து, 36 புஜம், 34 கெண்டைக்கால். இதற்குப் பெயர் 'கிரேக்க இலட்சிய உடல்'.

என் அக்கா மகன் இதை வாட்ஸப்பில் அனுப்பினான். கல்லூரி இரண்டாம் வருஷம், ஜிம்முக்குப் போக ஆரம்பித்து எட்டு மாதம். "மாமா, என் மணிக்கட்டு ஆறரை இன்ச்சுதான். அப்ப எனக்குக் கை பதினஞ்சுக்கு மேல வரக்கூடாதா?" கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மார்பு 42.25, புஜம் 15.2. கணக்கில் தப்பில்லை. கணக்குக்கு மேலே ஒட்டியிருக்கும் 'கிரேக்க' என்ற முத்திரையில்தான் எனக்குச் சண்டை. அந்த முத்திரை இல்லாவிட்டால் இது எவரோ எழுதிய ஒரு பயிற்சிக் குறிப்பு, அவ்வளவுதான். முத்திரை விழுந்த உடனே இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து ஞானமாக மாறி, ஒரு பையன் தன் எலும்பைப் பார்த்துக் கவலைப்பட ஆரம்பித்துவிடுகிறான். அதனால் கிரேக்கச் சிலைகள் பற்றி நான் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைக் கொஞ்சம் ஒழுங்குபண்ணி இங்கே போடுகிறேன்.

முதலில் வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1960களில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் தொடர் எழுதிய ஜான் மெக்கல்லம் என்ற பயிற்சி எழுத்தாளருடைய கணக்கு இது. கிரேக்க நூல் எதிலும் இப்படி ஒரு பட்டியல் கிடையாது. இன்னொரு 'கிரேக்க இலட்சியம்' கழுத்து, புஜம், கெண்டைக்கால் மூன்றும் ஒரே சுற்றளவு இருக்கணும் என்கிறது. 1958ல் இத்தாலியப் படத்தில் ஹெர்குலிஸாக நடித்த ஸ்டீவ் ரீவ்ஸ் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேலே சொன்ன சதவீதங்களைப் பாருங்கள்: 37, 36, 34. இரண்டு கிரேக்க இலட்சியங்களும் ஒன்றுக்கொன்றே ஒத்துப்போகவில்லை.

மூன்றாவது ஒன்றும் உண்டு. தோள்சுற்றளவை இடையால் வகுத்தால் 1.618 வரணும், அதுதான் பொன்விகிதம், கிரேக்கர்களின் ரகசியம் என்பார்கள். யூக்ளிட் அந்த விகிதத்தைப் பற்றி எழுதியிருக்கிறார், உண்மைதான். ஆனால் அவர் பேசுவது கோட்டை வெட்டுவது பற்றி, ஐங்கோணம் பற்றி. எவருடைய தோளைப் பற்றியும் இல்லை. மனித உடல் முழுக்கப் பொன்விகிதம்தான் ஆட்சி செய்கிறது என்று ஒரு கொள்கையாக அடித்துப் பேசியவர் அடால்ஃப் ஸைஸிங் என்ற ஜெர்மானியர், 1854ல் வெளியிட்ட புத்தகத்தில். அதாவது ரயில் ஓட ஆரம்பித்த பிறகு வந்த சரக்கு இது.

அப்படின்னா கிரேக்கர்கள் உடலுக்கு விகிதமே பார்க்கலையா என்றால், பார்த்தார்கள். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டுச் சிற்பி பாலிக்ளைடோஸ் 'கானோன்', அதாவது அளவுகோல், என்ற பெயரில் ஒரு நூலே எழுதினார். நூல் தொலைந்துபோச்சு. அதில் என்ன இருந்தது என்பதற்குக் கிடைக்கும் சாட்சிகளில் முக்கியமானவர் அறுநூறு வருஷம் கழித்து வந்த மருத்துவர் கேலன். அவர் சொல்வதன் சாரம்: அழகு என்பது உறுப்புகளுக்குள் இருக்கும் பொருத்தம். விரலுக்கும் விரலுக்கும், விரல்களுக்கும் உள்ளங்கைக்கும், அதற்கும் மணிக்கட்டுக்கும், அப்படியே முன்கை, மேல்கை என்று ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இயைந்து வரணும். இதைத்தான் கிரேக்கர்கள் 'சிம்மெட்ரியா' என்றார்கள். ஒரே அளவுகோலால் சேர்த்து அளக்கக் கூடியது என்பது அந்தச் சொல்லின் நேர்ப்பொருள். இன்றைக்குப் பாடிபில்டிங் நடுவர்கள் சிம்மெட்ரி என்றால் இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒன்றுபோல இருப்பதையும், மேலுடம்பும் கீழுடம்பும் சமமாக வளர்ந்திருப்பதையும் சொல்கிறார்கள். சொல் ஒன்றுதான், உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது. கேலன் தரும் பட்டியலில் எண் ஒன்றுகூட இல்லை என்பதையும் கவனிக்கணும். தசையைச் சுற்றி டேப் போடும் பேச்சே கிடையாது.

அந்த அளவுகோலுக்கு உதாரணமாக பாலிக்ளைடோஸ் செய்த சிலைதான் டோரிஃபோரோஸ், ஈட்டிக்காரன். மூலம் வெண்கலம், அது கிடைக்கவில்லை. பாம்பேயில் கிடைத்த ரோமானியப் பளிங்குப் பிரதி நேபிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 2.12 மீட்டர். அந்தச் சிலையின் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வலதுகால் எடையைத் தாங்குகிறது, இடதுகால் பின்னால் தளர்ந்து நிற்கிறது. கையில் அப்படியே தலைகீழ்: வலதுகை சும்மா தொங்குகிறது, ஈட்டி பிடித்த இடதுகை மடங்கி வேலை செய்கிறது. இடுப்பு ஒரு பக்கம் ஏற, தோள் எதிர்ப்பக்கம் ஏறுகிறது. உடம்பின் நடுக்கோடு வளைந்து போகிறது. இடதும் வலதும் ஒன்றுபோல இருப்பது இந்தச் சிலையில் எங்கேயும் கிடையாது, வேண்டுமென்றே கிடையாது. இரண்டு கையையும் ஒரே மாதிரி மடக்கிப் புஜத்தைக் காட்டும் 'டபுள் பைசெப்ஸ்' போஸுக்கு நேர் எதிரான சிந்தனை இது. அங்கே எல்லாத் தசையும் ஒரே நேரத்தில் இறுகணும். இங்கே ஒன்று இறுகினால் இன்னொன்று தளரணும். நடக்கப்போகிறவனா, நின்றுவிட்டவனா என்று சொல்ல முடியாத ஒரு நிலை. அழகு அந்தத் தளர்ச்சிக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது, சுற்றளவில் இல்லை.

இன்னொன்று, 'கிரேக்க இலட்சியம்' என்று ஒருமையில் சொல்வதே சரியில்லை. பாலிக்ளைடோஸின் சிலைகள் கட்டையாக, சதுரமாக, எல்லாம் ஒரே அச்சில் இருக்கின்றன என்று பழங்காலத்திலேயே குறை சொல்லியிருக்கிறார்கள், பிளினி பதிவு செய்திருக்கிறார். அடுத்த நூற்றாண்டில் வந்த லிசிப்போஸ் தலையைச் சிறிதாக்கி, உடலை மெலிய வைத்து விகிதத்தையே மாற்றிவிட்டார். அரிஸ்டோஃபனிஸின் 'மேகங்கள்' நாடகத்தில் நல்ல இளைஞனுக்கு வாய்க்கும் உடம்பைச் சொல்லும்போது அகன்ற மார்பு, பெரிய தோளோடு பெரிய பிட்டமும் சிறிய நாக்கும் வருகின்றன. நாக்கு சிறிதாக இருக்கணும் என்றால் அதிகம் பேசக்கூடாது என்று அர்த்தம்! இதை எந்த ஜிம் வாய்ப்பாட்டிலும் காணோம்.

இந்தக் கிரேக்க முத்திரை பாடிபில்டிங்கில் எப்போது விழுந்தது என்பதற்கு ஓரளவு துல்லியமாகவே பதில் சொல்லலாம். யூஜென் சாண்டோ, 1867ல் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தவர், இயற்பெயர் ஃபிரீட்ரிக் முல்லர். மேடையில் எடை தூக்கும் பலசாலியாகத்தான் ஆரம்பித்தார். 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சிச் சமயத்தில் ஜீக்ஃபெல்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர் கையில் போனபிறகு, ஜனங்கள் இவர் தூக்குவதைவிட இவரையே பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்பது வியாபாரத்துக்குப் புரிந்தது. அங்கிருந்துதான் பலம் காட்டுவது பின்னால் போய் உடம்பு காட்டுவது முன்னால் வந்தது. ஆனால் விக்டோரியா காலத்தில் ஒரு ஆண் வெறும் உடம்போடு நின்றால் ஆபாசம். சிலை நின்றால் கலை. சாண்டோ அத்தி இலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, உடம்பு முழுக்க வெள்ளை மாவு பூசி, புகழ்பெற்ற சிலைகளின் நிலையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கிரேக்கம் அவருக்கு ஒரு உடை. ஆடையில்லாமல் நிற்பதற்கான ஆடை.

அந்த வெள்ளை மாவில்தான் என் கண் நிற்கிறது. கிரேக்கச் சிலைகள் வெள்ளையாக இருந்ததில்லை. பளிங்குக்கு வண்ணம் பூசினார்கள், வெண்கலம் வெயிலில் கறுத்த தோல் போல மின்னியது. 2003ல் மியூனிக்கில் தொடங்கிய கண்காட்சி ஒன்று, வண்ணம் பூசிய மறுவுருவாக்கங்களை வரிசையாக நிறுத்தி இதைப் பொதுமக்களுக்கும் காட்டியது. வெள்ளைதான் கிரேக்கம் என்ற ரசனையைப் பரப்பியதில் வின்கெல்மானுக்குப் பெரிய பங்கு. கிரேக்கக் கலையைப் பின்பற்றுவது பற்றி 1755ல் புத்தகம் போட்ட அவர் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை. பின்னால் ரோமில் அவர் பார்த்து உருகியதிலும் பெரும்பகுதி ரோமானியப் பிரதிகள். சாண்டோ அந்தக் கற்பனைப் பளிங்கைத் தன் தோலில் பூசினார். 1901ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அவர் உடம்பை அப்படியே பிளாஸ்டரில் வார்ப்பெடுத்தது, ஐரோப்பிய இன உடலின் மாதிரி என்ற நோக்கத்தில். இலட்சியம் என்ற சொல் எவ்வளவு சீக்கிரம் இனம் என்ற சொல்லோடு கைகோத்துக்கொள்கிறது பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு மேடையில் எண்ணெயும் பழுப்புச் சாயமும் பூசிக்கொண்டு நிற்கிற பாடிபில்டர் நிறத்தைப் பொறுத்தவரை சாண்டோவைவிடக் கிரேக்க வெண்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறார். கிரேக்க விளையாட்டு வீரனும் எண்ணெய் பூசிக்கொண்டு வெயிலில் நின்றவன்தான்.

அதே 1901 செப்டம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் சாண்டோ நடத்திய உடலழகுப் போட்டிக்கு நடுவர்கள் மூன்று பேர்: சாண்டோ, சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸ் எழுதிய கோனன் டாய்ல். நடுவர் நாற்காலியில் சிற்பி! பரிசாகத் தங்கத்தில் சாண்டோவின் சிறுசிலை. மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் 1977 முதல் தரப்படும் கோப்பையும் அந்தச் சாண்டோ சிலையின் வார்ப்புதான். ஆக, ஒலிம்பியா என்ற பெயரில் தருவது கிரேக்கச் சிலை அல்ல, கிரேக்கச் சிலை மாதிரி நின்ற ஒருவரின் சிலை.

(நம் ஊர்ப் பக்கம் இது வந்த கதையும் சுவாரசியம். சாண்டோ 1904-05ல் இந்தியாவுக்கு வந்து காட்சி நடத்தினார். அவர் பெயர் தமிழில் பட்டமாகி 'சாண்டோ' சின்னப்பா தேவருக்கு முன்னால் நின்றது. கையில்லாத பனியனுக்கும் அதே பெயர்தான். பெங்களூரில் கே.வி. ஐயர் ஹடயோகத்தையும் பார்பெல்லையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து, தானும் சிலைபோல நின்று படமெடுத்து 1930ல் 'மஸில் கல்ட்' என்ற புத்தகம் போட்டார். ஐரோப்பிய இன உடலுக்கு வார்ப்பெடுத்தவர்கள் அந்தப் படங்களைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.)

சரி, அழகுக்கென்று போட்டி கிரேக்கர்களிடம் இருந்ததா என்றால், இருந்தது. ஏதென்ஸின் பானாதினையா விழாவில் 'யூஆண்ட்ரியா' என்று ஒரு போட்டி. நம் 'ஆணழகன்' என்ற சொல்லுக்கு ரொம்பக் கிட்டே வரும் பெயர். ஆனால் குலவாரியாக, அணியாகப் போட்டி. ஜெயித்த குலத்துக்குப் பரிசு ஒரு மாடு என்று ஒரு கல்வெட்டுச் சொல்கிறது. ஏதென்ஸ் குடிமக்கள் மட்டும்தான் சேர முடியும். வெளியூர்க்காரன், அடிமை, பெண் எவருக்கும் இடமில்லை. ஒலிம்பியாவிலோ அழகுப் போட்டியே கிடையாது. ஓடணும், எறியணும், மல்லுக்கட்டணும்.

அப்படி ஜெயித்தவர்களின் உடம்பைக் கிரேக்க எழுத்தாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கொண்டாட்டம் இருக்கும் என்று நினைத்துப் போனால் திட்டு வாங்கிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. யூரிப்பிடீஸின் தொலைந்துபோன ஒரு நாடகத்தில் தப்பித்த துண்டு ஒன்று, கிரேக்கத்தின் கேடுகளிலேயே பெரிய கேடு இந்த விளையாட்டுவீரர் கூட்டம்தான் என்கிறது, வயிற்றுக்கு அடிமைகள் என்று. பிளேட்டோ 'குடியரசு' நூலில், இவர்கள் வாழ்க்கையைத் தூங்கியே கழிக்கிறார்கள், சாப்பாட்டு அட்டவணை கொஞ்சம் மாறினாலே நோயில் விழுகிறார்கள் என்கிறார். டப்பாவில் கோழிக்கறியும் சாதமும் அடைத்துக்கொண்டு மூன்று மணிக்கு ஒருதரம் சாப்பிடும் நண்பர்களை நினைத்துக்கொண்டேன். செனபோன் காட்டும் சாக்ரடீஸ் நடனம் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறார். ஓட்டக்காரனுக்குக் கால் பருத்துத் தோள் மெலிகிறது, குத்துச்சண்டைக்காரனுக்குத் தோள் பருத்துக் கால் மெலிகிறது, எனக்கு இரண்டும் வேண்டாம் என்பது அவர் காரணம். அரிஸ்டாட்டில் அழகுக்கு ஐந்து விளையாட்டு ஆடும் பெண்டாத்லான்காரனைத்தான் தேர்ந்தெடுக்கிறார். வேகமும் பலமும் இரண்டும் அவனுக்கு இயல்பாக அமைந்திருப்பதால். வயதுக்கு வயது அழகு வேறு என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

கடுமையானவர் கேலன். பெர்கமம் ஊரில் கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், உடைந்த உடம்புகளை நேரில் கண்டவர். அதிகமாகத் தின்று அதிகமாகப் பயிற்சி செய்து சதையைக் குவிப்பது ஆரோக்கியமே இல்லை என்று வாதாடுகிறார். மல்லன் மைலோ காளையைத் தோளில் சுமந்த கதையைக்கூட விடவில்லை. அந்த எடையைக் காளை இவனைவிடச் சுலபமாகத் தினமும் சுமந்துகொண்டு நடக்கிறதே, அதற்கு என்ன பெருமை என்று கேட்கிறார்.

இங்கே கொஞ்சம் நிதானிக்கணும். இவர்களை மேற்கோள் காட்டி "பார்த்தீங்களா, கிரேக்கர்களே பாடிபில்டிங்குக்கு எதிரிகள்" என்று முடித்துவிடும் கட்டுரைகளும் இருக்கின்றன. அதுவும் முத்திரை குத்தும் வேலைதான். பிளேட்டோவும் அரிஸ்டாட்டிலும் ஓய்வு நேரம் நிறைய உள்ள மேல்தட்டுக் குடிமகனின் பக்கம் நின்று பேசுகிறவர்கள். உடம்பை வைத்துப் பிழைக்கிறவன் மேல் அவர்களுக்கு வர்க்க இளக்காரம் உண்டு. கேலனுக்கோ தொழில் போட்டி. ஆரோக்கியம் மருத்துவன் கையில் இருக்கணுமா, உடற்பயிற்சி ஆசான் கையில் இருக்கணுமா என்பதற்கென்றே தனியாக ஒரு நூல் எழுதியவர் அவர். தீர்ப்பு எந்தப் பக்கம் வரும் என்று சொல்லணுமா? ஆசான்கள் பக்கம் நின்று எழுதியவர் ஃபிலோஸ்ட்ராட்டஸ். அவருடைய 'ஜிம்னாஸ்டிக்கோஸ்' எந்த உடல்வாகு எந்த விளையாட்டுக்குச் சரிப்படும் என்று ஆட்களைச் சிங்கம், கழுகு, கரடி என்றெல்லாம் பிரித்துப் பேசுகிறது. அதாவது இலட்சிய உடல் ஒன்று என்ற பேச்சே அவரிடம் இல்லை. வேலைக்குத் தக்க உடல்.

அந்த நூலில்தான் கெரெனோஸ் கதை வருகிறது. ஒலிம்பியாவில் ஜெயித்த மல்லன். ஜெயித்த சந்தோஷத்தில் குடித்து விருந்தாடிவிட்டு, உடம்பு சரியில்லாமல் பயிற்சிக்கு வருகிறான். ஆசான் நான்கு நாள் சுழற்சி அட்டவணையைப் பிடித்துக்கொண்டிருப்பவர்: ஒருநாள் தயார்ப்படுத்துவது, ஒருநாள் உச்சம், ஒருநாள் தளர்வு, ஒருநாள் நடுத்தரம். ஆள் எப்படி இருக்கிறான் என்று பார்க்காமல் அட்டவணைப்படி வாங்கிவிட்டார். பயிற்சியின் நடுவிலேயே கெரெனோஸ் செத்துப்போனான். பயிற்சியை ஆதரிக்கிற ஃபிலோஸ்ட்ராட்டஸே இதைச் சொல்லிக் கோபப்படுகிறார். எதிரே நிற்கிற உடம்பைவிட எண் பெரிதாகிவிட்டது என்பதுதான் அவர் கோபம். 1996ல் ஆஸ்திரியப் பாடிபில்டர் ஆண்ட்ரியாஸ் முன்ட்ஸர் 31 வயதில் போட்டிக் காலத்துக்கு நடுவே இறந்ததைப் படித்தபோது எனக்கு இந்தப் பக்கம்தான் ஞாபகம் வந்தது. தோலுக்கடியில் கொழுப்பே இல்லாத உடம்புக்குப் பேர்போனவர். நடுவே ஆயிரத்தெழுநூறு வருஷமும், 1958ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டையனபால் முதலான மாத்திரைகளும் இருக்கின்றன.

ஆகவே என் துணிபு இது: பாடிபில்டிங்குக்குக் கிரேக்கத்தில் முன்னோர் உண்டு, ஆனால் அது ஈட்டிக்காரன் அல்ல. கிரேக்க எழுத்தாளர்கள் திட்டித் தீர்த்த அந்தத் தொழில்முறை வீரன்தான்: தின்று, தூங்கி, அட்டவணைப்படி வளர்ந்து, தன் உடம்பையே பிழைப்பாக்கிக்கொண்டவன். இதை இழிவாகச் சொல்லவில்லை. அவன் உழைப்பு உண்மையான உழைப்பு. ஈட்டிக்காரனுடைய பெயரில் அவனை விற்பதுதான் பொய். 2016ல் மிஸ்டர் ஒலிம்பியாவில் 'கிளாஸிக் ஃபிஸிக்' என்ற பிரிவு சேர்த்து உயரத்துக்கு இவ்வளவு எடைதான் என்று வரம்பு வைத்தார்களே, அதை நான் ஒரு ஒப்புதலாகப் படிக்கிறேன். வரம்பில்லாத பிரிவில் விகிதம் என்ற பேச்சு எடுபடவில்லை என்று போட்டி நடத்துகிறவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடைசியாக, பாடிபில்டர்கள் எல்லாரும் தங்களுடையது என்று கொண்டாடும் சிலை, ஃபர்னேஸி ஹெர்குலிஸ். லிசிப்போஸின் வெண்கலத்தைப் பின்பற்றி ஏதென்ஸின் கிளைக்கோன் செதுக்கியது, ரோமில் காரகல்லா குளியல் மண்டபத்தில் நின்றது, 1546 வாக்கில் கண்டெடுத்தது. உயரம் 3.17 மீட்டர், இதுவும் நேபிள்ஸில்தான். கண்டெடுத்தபோது கால்கள் இல்லை. டெல்லா போர்ட்டா என்ற சிற்பி புதுக்கால் செய்து பொருத்தினார். அப்புறம் அசல் கால்கள் கிடைத்தும், புதுசுதான் நன்றாக இருக்கிறது என்று இருநூறு வருஷத்துக்கு மேல் அதையே விட்டுவைத்திருந்தார்கள். வின்கெல்மான் காலத்து ஐரோப்பா வியந்த ஹெர்குலிஸ் பதினாறாம் நூற்றாண்டுக் கால்களில் நின்றவர். லெக் டே தவறவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

அந்த உடம்பில் தசை மேல் தசை அடுக்கியிருப்பது நிஜம். ஆனால் ஆள் எப்படி நிற்கிறார்? தலை தொங்குகிறது, கண் தரையைப் பார்க்கிறது. சிங்கத்தோல் போர்த்திய தடியை அக்குளுக்கடியில் முட்டுக்கொடுத்து முழு எடையையும் அதன்மேல் போட்டிருக்கிறார். இடதுகை உயிரில்லாமல் தொங்குகிறது. ஒரு தசைகூட எவருக்காகவும் இறுகவில்லை. சாண்டோ இதே நிலையில் நின்று எடுத்த படத்தில் அந்தச் சோர்வு வரவில்லை, வயிற்றுத் தசை கல்லாக இறுகியிருக்கிறது. அவரையும் குற்றம் சொல்ல முடியாது, போட்டோ முன்பக்கத்தை மட்டும்தான் எடுக்கும். ஹெர்குலிஸ் ஏன் இவ்வளவு களைத்துப்போயிருக்கிறார் என்பது பின்பக்கம் சுற்றிப் போனால்தான் தெரியும். முதுகுக்குப் பின்னால் மடக்கிய வலதுகையில், உலகத்தின் மறுகோடிவரை போய்க் கொண்டுவந்த ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்து ஆப்பிள்கள் இருக்கின்றன.